அடர்த்தி வேறு, உறுதி வேறு

வயது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். பெரிய அடி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், "எலும்பின் அடர்த்தியையும் ஒரு முறை பார்த்துவிடுவோம்" என்கிறார். சில நாளில் அறிக்கை வருகிறது. அதில் "-2.8" என்று ஓர் எண். அதன் எதிரே "எலும்புப்புரை" என்று ஒரு சொல்.

இனித்தான் குழப்பம் தொடங்குகிறது. வாரம் ஒரு மாத்திரை விழுங்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறுகிறார். "அந்த மாத்திரை தாடை எலும்பை அரித்துவிடுமாம்" என்கிறார் அண்டை வீட்டுக்காரர். "பாலும் கேழ்வரகும் போதும்" என்கிறார் உறவினர் ஒருவர். அம்மையார் யார் சொல்லைக் கேட்பது? அறிக்கையில் உள்ள எண்ணைக் கண்டு அஞ்சுவதா? மருந்து உண்டபின் அந்த எண் ஏறினால், நோய் தீர்ந்தது என்று மகிழ்வதா?

இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. வழியில் ஒரு முறை பெரிதாக ஏமாந்தும் இருக்கிறது. அந்த ஏமாற்றத்தின் கதையை அறிந்தவர், எந்த மருந்தை எதிர்கொண்டாலும் சரியான கேள்வியைக் கேட்பார். அக்கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கொத்தனாரும் பெயர்ப்பவரும்

எலும்பு என்றதும் சுண்ணாம்பாலான ஒரு தூண் நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது உயிருள்ள பொருள். கொல்லாஜன் என்னும் புரத இழைகளின் மேல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் படிந்து உருவானது. இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்த காங்கிரீட்டுடன் இதனை ஒப்பிடலாம். இழை வளைந்து கொடுக்கிறது. படிகம் பாரத்தைத் தாங்குகிறது. இரண்டில் ஒன்று கெட்டாலும் கட்டடம் கெடும்.

இக்கட்டடத்தில் ஓயாது பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒருவகை அணுக்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. மற்றொரு வகை அணுக்கள் அந்தப் பள்ளத்தில் புது எலும்பை நிரப்புகின்றன. முன்னதைப் பழைய செங்கல்லைப் பெயர்ப்பவர் என்றும், பின்னதைப் புதுச் செங்கல் வைக்கும் கொத்தனார் என்றும் கொள்வோம். இளமையில் இருவர் வேலையும் சமமாக நடக்கிறது. முதுமையில் பெயர்ப்பது மிகுந்து, கட்டுவது குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் சில ஆண்டுகளில் இந்த ஏற்றத்தாழ்வு விரைவாகக் கூடுகிறது. எலும்பின் உட்புறத்தில் உள்ள வலைப்பின்னல் மெலிந்து, இடையிடையே அறுந்தும் போகிறது. இதுவே எலும்புப்புரை நோய்.

முதியோர் எலும்பு இலேசாகிவிடுவதையும், இடுப்பு முறிவுக்கு அது காரணமாவதையும் இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1820களிலேயே எழுதினார். துளை விழுந்த எலும்பு என்னும் பொருள்படும் "ஆஸ்டியோபோரோசிஸ்" என்ற பெயரை வழங்கியவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் ஜான் லோப்ஸ்டைன். ஆனால் பெயர் சூட்டியதோடு காரணம் விளங்கிவிடவில்லை. அதற்கு மேலும் நூறு ஆண்டுகள் ஆயின.

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் புல்லர் ஆல்பிரைட் என்னும் மருத்துவர் இருந்தார். முதுகெலும்பு நொறுங்கி, உயரம் குறைந்து வந்த நோயாளிகளை அவர் கூர்ந்து கவனித்தார். அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் இந்நோய் கண்டோர் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களாகவே இருந்தனர். எனவே ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் குறைவதே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1941இல் அவரும் அவருடைய தோழர்களும் இதனை வெளியிட்டனர். இழந்த இயக்குநீரைத் திருப்பிக் கொடுத்தால் உடலிலிருந்து கால்சியம் வெளியேறுவது குறைவதையும் அவர் அளந்து காட்டினார். 1942இல் சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளுக்காக வந்த அம்மருந்து, பின்னர் எலும்புக்கும் கொடுக்கப்பட்டது. அதன் கதையைப் பிறகு தொடர்வோம். அதற்கு முன் நம் நாட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

நெல்லூர் காட்டிய எச்சரிக்கை

சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே இயக்குநராக இருந்த ஷார்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் 1937இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் கண்ட ஒரு விந்தையான நோயைப் பற்றியது அது. பற்களில் கறை படிந்திருந்தது. நடுவயதை எட்டியவர்களின் கழுத்தும் முதுகும் இறுகிப்போயிருந்தன. முதுகு வளைந்து, திரும்பவும் நிமிரவும் முடியாமல் அவர்கள் துன்புற்றனர். கிணற்று நீரில் மிகுதியாக இருந்த புளோரைடே இதற்குக் காரணம் என்று அவ்வாய்வு காட்டியது.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் இவர்களுடைய எலும்பு எப்படித் தெரிந்தது? மெலிந்தா? இல்லை. வழக்கத்தைவிட வெண்மையாக, அடர்த்தியாகத் தெரிந்தது! எலும்பைப் பிணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. இதே தோற்றத்தை 1932இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் மோலர், குட்யோன்சன் என்னும் இருவர் கண்டிருந்தனர். கிரையோலைட் என்னும் புளோரைடுக் கனிமத்தை அரைக்கும் ஆலைத் தொழிலாளரின் எலும்புகள் அவ்வாறு அடர்ந்திருந்தன.

புளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் தமிழகத்துக்கும் புதிதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இத்துன்பத்தைக் குறைக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் செயலுக்கு வந்தது.

அடர்ந்த எலும்பு நலமுள்ள எலும்பு அன்று என்னும் பாடம் நெல்லூர்க் கிராமங்களில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே செய்தியை வேறொரு கண்ணோட்டத்தில் பார்த்தவர்களும் உண்டு. "எலும்பை அடர்த்தியாக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. எலும்பு மெலிந்தவர்களுக்கு அதனை அளவோடு கொடுத்தால் என்ன?" என்று அவர்கள் கேட்டனர்.

கேள்வி தவறானது அன்று. அன்றைக்கு இருந்த மருந்துகள் பெயர்ப்பவர் கையைத்தான் கட்டின. கொத்தனாரை ஊக்க ஒன்றும் இல்லை. புளோரைடோ கொத்தனாரைத் தூண்டிவிட்டது. 1961இல் ரிச், என்சிங்க் என்னும் இருவர் சோடியம் புளோரைடை எலும்புப்புரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டனர். அதன்பின் முப்பது ஆண்டுகள் இம்மருந்தின் மேல் பெரும் நம்பிக்கை வளர்ந்தது. ஐரோப்பாவில் சில நாடுகளில் மருத்துவர்கள் இதனை வழக்கமாகவே எழுதிக் கொடுத்தனர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவிகளும் அக்காலத்தில் செம்மையடைந்தன. மருந்து கொடுத்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஆண்டுதோறும் ஏறியது. வேறெந்த மருந்தும் அவ்வளவு ஏற்றவில்லை.

1990: கணக்குத் தீர்த்த ஆண்டு

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ரிக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதனை முறையாகச் சோதிக்க முன்வந்தனர். முன்பே முதுகெலும்பு நொறுங்கிய 202 பெண்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடும், மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தனர். இரு பிரிவினருக்கும் கால்சியம் தரப்பட்டது. நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து எண்ணினர்.

1990இல் முடிவு வெளியாயிற்று. புளோரைடு உண்டவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் அடர்த்தி 35 விழுக்காடு ஏறியிருந்தது. இதனை மட்டும் பார்த்தால் வெற்றி முழக்கம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அவர்கள் முறிவுகளையும் எண்ணினர். முதுகெலும்பின் புதிய முறிவுகள் போலி மாத்திரைப் பிரிவில் 136. புளோரைடுப் பிரிவில் 163. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடலாம். முதுகெலும்பு அல்லாத மற்ற எலும்புகளின் முறிவுகளோ போலி மாத்திரைப் பிரிவில் 24, புளோரைடுப் பிரிவில் 72. அதாவது மூன்று மடங்கு! இதனைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

எலும்பு அடர்ந்தது, ஆனால் உடைந்தது. ஏன்? புளோரைடு எலும்பின் படிகத்துக்குள்ளேயே புகுந்து அதன் இயல்பை மாற்றிவிடுகிறது. கொத்தனார் அவசரமாக வைத்த சுவர் பருமனாக இருக்கிறது. செங்கல்லும் சாந்தும் பிடிப்பதில்லை. மேலும், அடர்த்தி எல்லா இடத்திலும் ஏறவில்லை. முதுகெலும்பில் ஏறிய அதே காலத்தில் முன்கைத் தண்டெலும்பில் 4 விழுக்காடு குறைந்திருந்தது.

நெல்லூர் மக்கள் நீருடன் அறியாமல் உண்டது வேறு. நோயாளிகள் அளந்து உண்டது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறிவிட முடியாது. ஆயினும் இரண்டு இடத்திலும் எக்ஸ்-கதிர்ப் படம் "நன்று" என்றது. உடம்பு "நன்றன்று" என்றது. முப்பது ஆண்டுக்கால நம்பிக்கை, முறிவுகளை எண்ணிய அன்றே சரிந்தது. அதன்பின், அடர்த்தியை ஏற்றிக் காட்டினால் போதாது, முறிவு குறைவதைக் காட்ட வேண்டும் என்பது எலும்பு மருந்துகளின் உரைகல்லாக நிலைத்தது.

இதன் மறுபக்கத்தையும் காணுங்கள். 1999இல் ராலாக்சிபீன் என்னும் மருந்தின் சோதனை முடிவு வந்தது. 7,705 பெண்கள் கலந்துகொண்ட இச்சோதனையில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி இரண்டு மூன்று விழுக்காடு மட்டுமே கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மற்ற எலும்புகளின் முறிவு குறையவில்லை. கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடியது. 35 விழுக்காடு ஏறிய இடத்தில் தீமை. 3 விழுக்காடு கூட ஏறாத இடத்தில் நன்மை! அப்படியானால் அடர்த்தி அளவு வீணா என்று நீங்கள் கேட்கலாம். வீணன்று. யாருக்கு முறிவு நேரும் ஆபத்து மிகுதி என்று கணிக்க அது உதவுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 1994இல் வகுத்த வரையறைப்படி, நலமுள்ள இளம் வயதினரின் சராசரிக்கு 2.5 படிகள் அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை எனப்படும். நம் அம்மையாரின் "-2.8" இந்தக் கணக்கில் வந்ததே. அது அபாய அறிவிப்புப் பலகை. பலகையின் எழுத்தை மாற்றிவிட்டால் சாலையின் பள்ளம் நிரம்பிவிடாது.

சலவைத்தூளிலிருந்து மாத்திரைக்கு

இன்று மிகுதியாக வழங்கும் மாத்திரைகள் பிஸ்பாஸ்போனேட் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் பிறப்பு வேடிக்கையானது. கடின நீர் ஓடும் குழாய்களில் சுண்ணாம்புப் பொருக்கு படிவதைத் தடுக்கப் பாஸ்பேட்டுச் சேர்மங்களைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தி வந்தன. சலவைத்தூளிலும் இவை சேர்ந்தன. நம் குருதியிலும் சிறுநீரிலும் இதே வேலையைச் செய்யும் பைரோபாஸ்பேட் என்னும் பொருள் இருப்பதை 1960களில் ஹெர்பர்ட் பிளைஷ் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் கண்டார். கண்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்பு படியாமல் காப்பது அதன் பணி.

பைரோபாஸ்பேட்டை வாய்வழி கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிடும். எனவே சிதையாத ஓர் உறவுப் பொருளை அவர்கள் தேடினர். சலவைத்தூள் செய்யும் ஒரு நிறுவனத்தின் வேதியியலார் பிரான்சிஸ் துணையோடு பிஸ்பாஸ்போனேட் கிடைத்தது. பிளைஷும் கிரகாம் ரஸ்ஸலும் சேர்ந்து ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சுண்ணாம்பு படிவதைத் தடுப்பதோடு, எலும்பு கரைவதையும் இப்பொருள் தடுத்தது. இம்முடிவுகள் 1969இல் வெளியாயின. எலும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் இம்மருந்தை, எலும்பைப் பெயர்க்க வரும் அணு விழுங்குகிறது, விழுங்கியபின் செயலிழக்கிறது.

இவ்வகையில் அலெண்ட்ரோனேட் என்னும் மருந்து 1995இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஒப்புதல் பெற்றது. புளோரைடின் பாடம் அதற்குள் பதிந்துவிட்டதால் முறிவுகளை எண்ணும் பெரிய சோதனையும் நடந்தது. முதுகெலும்பு முறிவு முன்பே உள்ள 2,027 பெண்களிடம் மூன்று ஆண்டுகள் நடந்த இச்சோதனையின் முடிவு 1996இல் வந்தது. இடுப்பு முறிவு பாதியாகக் குறைந்தது என்பது அதன் தலைப்புச் செய்தி.

இங்கே சற்று நில்லுங்கள். "பாதி" என்பது எதில் பாதி? போலி மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 2.2 பேருக்கு இடுப்பு முறிந்தது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 1.1 பேருக்கு. அதாவது ஏறத்தாழ 90 பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து உண்டால் ஓர் இடுப்பு முறிவு தடுக்கப்படும். முதுகெலும்பின் புதிய முறிவோ நூற்றுக்கு 15 பேரிலிருந்து 8 பேராகக் குறைந்தது. இங்கே 14 பேர் உண்டால் ஒருவர் காப்பாற்றப்படுகிறார். இரண்டு பேச்சும் உண்மையே. ஆனால் "பாதி" என்று மட்டும் கேட்பவர் ஒரு முடிவுக்கும், "நூற்றில் இருவர் ஒருவராகிறார்" என்று கேட்பவர் வேறு முடிவுக்கும் வரக்கூடும். இரண்டையும் சேர்த்துக் கேட்பவரே எடை போட வல்லவர்.

யார் உண்கிறார் என்பதும் முக்கியம். இதே ஆய்வின் மற்றொரு பகுதி 1998இல் வெளியானது. அதில் முதுகெலும்பு முறியாத 4,432 பெண்கள் நான்கு ஆண்டுகள் இருந்தனர். அடர்த்தி -2.5க்குக் கீழே இருந்தவர்களுக்கு முறிவு தெளிவாகக் குறைந்தது. அதற்கு மேலே இருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை காணவில்லை. ஆபத்து மிகுந்தவருக்கு மருந்தின் பயன் மிகுதி. ஆபத்துக் குறைந்தவருக்குப் பயன் குறைவு.

தராசின் மறு தட்டு

ஈஸ்ட்ரோஜனின் கதைக்குத் திரும்புவோம். 1975இல் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பு இருப்பது வெளிப்பட்டது. பின்னர் வேறொரு இயக்குநீருடன் சேர்த்துக் கொடுத்தனர். எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது என்று பல்லாயிரம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் உண்டனர். 16,608 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த சோதனையை 2002இல் இடையிலேயே நிறுத்த வேண்டிவந்தது. 10,000 பெண்கள் ஓராண்டு இம்மருந்தை உண்டால் இடுப்பு முறிவு 5 குறைகிறது. மார்பகப் புற்று 8, பக்கவாதம் 8, இதயநோய் 7, நுரையீரலில் இரத்தக் கட்டி அடைப்பது 8 கூடுகின்றன என்று அது காட்டியது. எலும்பைக் காத்தது உண்மை. விலை மிகுதி என்பதும் உண்மை. இன்று, வயது முதிர்ந்தபின் எலும்புக்காக மட்டும் புதிதாக இதனைத் தொடங்குவதில்லை.

பிஸ்பாஸ்போனேட்டுகளுக்கும் விலை உண்டு. 2003இல், இம்மருந்து ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் தாடை எலும்பு பட்டுப்போவதை அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் ஒருவர் அறிவித்தார். அண்டை வீட்டுக்காரர் சொன்ன செய்தியின் வேர் இதுவே. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக மிகப்பெரிய அளவில் மருந்து பெற்றவர்கள். எலும்புப்புரைக்குரிய சிறிய அளவில் இது மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன் அதை முடித்துக்கொள்வது நல்லது.

2005 முதல் மற்றொரு செய்தி வந்தது. பல ஆண்டுகள் இம்மாத்திரை உண்ட சிலருக்குத் தொடையெலும்பின் நடுப்பகுதி, பெரிய அடி இல்லாமலே குறுக்காக முறிந்தது. பெயர்ப்பவரை அடியோடு நிறுத்திவிட்டால் பழைய விரிசல்களும் பழுதுபார்க்கப்படாமல் நின்றுவிடும் அல்லவா? இங்கும் எண்கள் தெளிவு தருகின்றன. கலிபோர்னியாவில் 1,96,129 பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2020இல் வந்தது. 10,000 வெள்ளையினப் பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து உண்டால் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்பட்டு, இத்தகைய தொடை முறிவு 2 நேரும். ஆசிய மரபுப் பெண்களுக்கோ தவிர்க்கப்படுபவை 91, நேர்பவை 8. நன்மை தெளிவாகவே மிகுதி. ஆனால் தராசு எல்லாருக்கும் ஒரே அளவில் சாய்வதில்லை. மருந்து உண்ணும் ஆண்டுகள் கூடக் கூட இந்த ஆபத்துக் கூடுகிறது. நிறுத்தினால் விரைவில் குறைகிறது. மருந்து உண்பவருக்குத் தொடையிலோ கவட்டிலோ காரணமற்ற வலி நீடித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

அப்படியானால் எவ்வளவு காலம் உண்பது? ஐந்து ஆண்டுகள் அலெண்ட்ரோனேட் உண்ட 1,099 பெண்களில் ஒரு பிரிவினர் மேலும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தனர், மற்றவர் நிறுத்தினர். 2006இல் வந்த முடிவின்படி, முதுகெலும்பு அல்லாத முறிவுகளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை. வலியோடு வெளிப்படும் முதுகெலும்பு முறிவு மட்டும் நிறுத்தியவரில் நூற்றுக்கு 5.3, தொடர்ந்தவரில் 2.4. எலும்பில் படிந்த மருந்து நெடுநாள் தங்குவதே இதற்குக் காரணம். எனவே ஆபத்துக் குறைந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப்பின் மருத்துவரின் கணிப்புப்படி இடைவெளி விடுவது வழக்கமாயிற்று.

ஆனால் இந்த விதியை எல்லா மருந்துக்கும் பொருத்திவிடாதீர்கள்! ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் என்னும் ஊசி 2010இல் வந்தது. 7,868 பெண்களிடம் மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையில் முதுகெலும்பு முறிவு நூற்றுக்கு 7.2இலிருந்து 2.3ஆகக் குறைந்தது. சிறப்பான மருந்துதான். ஆயினும் இது எலும்பில் தங்குவதில்லை. ஊசியை நிறுத்தினால் அடங்கியிருந்த பெயர்ப்பவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நிறுத்திய சிலருக்கு ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கியிருக்கின்றன. ஆகவே இந்த ஊசியைத் தொடங்குபவர் நாள் தவறாமல் போட்டுக்கொள்ளவேண்டும். நிறுத்துவதாயின் வேறு மருந்தைத் தொடர்ந்து எடுக்கவேண்டும். செலவு தாங்குமா, ஆண்டுதோறும் மருத்துவமனைக்குப் போக முடியுமா என்பதையும் முதல் ஊசிக்கு முன்பே எண்ணிப் பார்க்கவேண்டும்.

புளோரைடு தவறவிட்ட இடத்தை, அதாவது கொத்தனாரை ஊக்கும் பணியை, இன்று வேறு மருந்துகள் செய்கின்றன. நாள்தோறும் ஊசியாகப் போடும் டெரிபாரடைடு 2002இல் ஒப்புதல் பெற்றது. 2001இல் வெளியான அதன் சோதனையில் முதுகெலும்பு முறிவு நூற்றுக்கு 14இலிருந்து 5ஆகக் குறைந்தது. ஆபத்து மிக மிகுந்தவர்களுக்கே இவை பெரும்பாலும் தரப்படுகின்றன. இவற்றை முடித்தபின் கட்டிய எலும்பைக் காக்க வேறொரு மருந்து வேண்டும்.

மருத்துவரிடம் கேட்கவேண்டியவை

இனி நம் அம்மையாரிடம் திரும்புவோம். அவர் கையில் இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. மருத்துவரிடம் அவர் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

ஒன்று: "மருந்து இல்லாமல் அடுத்த சில ஆண்டுகளில் எனக்கு முறிவு நேர எவ்வளவு வாய்ப்பு?" வயது, முன்பு நேர்ந்த முறிவு, தாய் தந்தையரின் இடுப்பு முறிவு, ஸ்டீராய்டு மருந்து உண்ணும் பழக்கம் ஆகிய எல்லாம் இதில் சேரும். அடர்த்தி எண் இவற்றுள் ஒன்றுதான். சிறிய வீழ்ச்சியில் மணிக்கட்டு முறிந்ததே, அதுவும் ஒரு முக்கியமான சாட்சி.

இரண்டு: "இந்த மருந்து எந்த எலும்பின் முறிவை, நூற்றுக்கு எத்தனை பேரிலிருந்து எத்தனை பேராகக் குறைக்கும்?" அடர்த்தி எவ்வளவு ஏறும் என்பதோடு விடை நின்றுவிடக் கூடாது.

மூன்று: "என் உடம்புக்கு இது ஏற்றதா?" சிறுநீரகம் மிகவும் நலிந்தவருக்குப் பிஸ்பாஸ்போனேட் பொருந்தாது. உணவுக் குழாயில் புண் உள்ளவருக்கு மாத்திரை தொல்லை தரும். அதனால்தான் வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறைய வெந்நீரோ தண்ணீரோ குடித்து விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும் என்கிறார்கள். விடியற்காலைக் காப்பியோடு விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். வாய்வழி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. உடலில் வைட்டமின் டி, கால்சியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும். பாலும் கேழ்வரகும் வேண்டியவையே. ஆனால் எலும்பு முறிந்தவருக்கு அவை மட்டும் போதா.

நான்கு: "எப்போது நிறுத்துவது? நிறுத்தினால் என்ன ஆகும்?" இக்கேள்வியை மருந்து தொடங்கும் நாளிலேயே கேட்கவேண்டும்.

இவற்றோடு, கடையில் கிடைக்காத ஒரு மருந்தும் உண்டு. இடுப்பு முறிவு பெரும்பாலும் விழுவதால் நேர்கிறது. கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுவது, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கண்புரைக்கு உரிய நேரத்தில் அறுவை, தலைசுற்றலைத் தரும் தூக்க மாத்திரைகளைக் குறைப்பது, கால் தசைக்குப் பயிற்சி ஆகியவை எந்த மருந்துடனும் சேர்ந்து செல்லக்கூடியவை.

1937இல் கிண்டியிலிருந்து வெளியான அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள், அது முதியோரின் எலும்பு மருந்துக்கும் ஒரு பாடமாகும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சென்று தெரிந்த அந்த எலும்புகளுக்கு உரியவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாமல் இருந்தார்கள். அவர்களை நினைவில் கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டு முதியவர் அறிக்கையைக் காட்டி, "எண் ஏறியிருக்கிறதா பார்" என்று கேட்டால், எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அதோடு, "சென்ற ஆண்டு எத்தனை முறை விழுந்தீர்கள்? எங்காவது முறிந்ததா? உயரம் குறைந்திருக்கிறதா?" என்றும் கேளுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.